பீப் இல்லாத நாண்

சட்டைப் பொத்தானைவிடச் சிறியது அது. நடுவில் துளையிட்ட ஒரு கறுப்பு வளையம். வில்லின் நாணிழைகளுக்கிடையே செருகி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நாணைத் தாடை வரை இழுத்ததும் அந்தத் துளை வலக்கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். துளையின் வழியே வில்லின் முன்புறம் நீண்டிருக்கும் குறிமுனையைப் பார்க்க வேண்டும். குறிமுனைக்கு அப்பால் இலக்கின் மஞ்சள் நடுவட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் அம்பு தடம் மாறாது. வில்லாளர்கள் அதைப் பீப் என்பார்கள். என் அத்தை ஒரு சனிக்கிழமைக் காலையில், பட்டர்வொர்த்தில் பாகான் டாலாம் வில்வித்தைத் திடலில், அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் எல்லோருக்கும் அன்று அது ஒரு வெற்றியின் தொடக்கமாகவே தெரிந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. இடைநிலைப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் எழுத்தர். திருமணம் செய்துகொள்ளாமல் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்களோடு வாழ்ந்தார். ஞாயிறு தேவாலயத்துக்கு, சனி வில்லுக்கு. மற்ற நாள்கள் அந்த இரண்டுக்காகவும் பொறுத்துக்கொள்ளப்பட்டவை. அவருடையது இரு முனைகளிலும் சக்கரங்கள் பூட்டிய காம்பவுண்டு வில். அதன் நீண்ட பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, திடலுக்குப் போக அக்கரைக்கு ஃபெரியில் ஏறினால், யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்: "என்ன தங்கச்சி, கீபோர்டா?" அத்தை முகத்தில் சிரிப்பே காட்டாமல் பதில் சொல்வார்: "ஆமாண்ணே, பட்டர்வொர்த்துல கச்சேரி. முன் சீட்டு வேணுமா?"

நான் வில்லைத் தொட்டதில்லை. எனக்கு மேடை இருந்தது. பள்ளி நாள்களிலிருந்தே வாதமேடையில் என் பெயருக்கு ஒரு மதிப்பும் இருந்தது. திடலில் எனக்கு வாய்த்த பணி, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியில் பார்த்து, அம்பு தைத்த இடத்தைக் கடிகார முள்ளின் கணக்கில் அறிவிப்பது. "ஒன்பது புள்ளி, மூன்று மணிப் பக்கம்" என்றால் நடுப்புள்ளிக்குச் சற்று வலப்புறம் என்று பொருள். நான் அதற்கு முன்னும் பின்னும் ஏதேனும் அலங்காரம் சேர்த்தால், "பேச்சாளரே, மணி மட்டும் சொல்லுங்க" என்பார் அத்தை. அவர் முன்னிலையில் நான் சுருக்கமாகப் பேசக் கற்றேன். வேறெவர் முன்னிலையிலும் கற்கவில்லை.

திடலில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. அம்பு தவறினால் முதலில் வில்லைச் சந்தேகிப்பார்கள். நாண் தளர்ந்திருக்கும், குறிமுனை நகர்ந்திருக்கும், அம்பின் இறகு கிழிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் திருகி, அளந்து, மாற்றிப் பார்ப்பார்கள். எய்தவரின் உடம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது மரியாதைக் குறைவு. ஆகவே அத்தை ஒருநாள் பீப் இருட்டாக இருக்கிறது என்றபோது, திடலின் வில்களைப் பழுது பார்க்கும், எல்லோரும் நானா என்றழைக்கும் மனிதரிடம் அந்தப் புகார் இயல்பாகவே போய்ச் சேர்ந்தது. நானா தமிழ் முஸ்லிம்; அவருடைய வாப்பாவின் பயணப்பெட்டிக் கடையின் பின்னறையில் வில் பழுதுபார்ப்பு நடத்திவந்தார். அவர் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதுவும் இருட்டாக இருந்தது. இன்னும் பெரிய துளையுள்ள வேறொன்றைப் பொருத்தினார். "இதுக்கு மேல ஓட்டை போட்டா வளையல் ஆயிடும்லா தங்கச்சி" என்று சிரித்தார்.

பிறகு அத்தை இலக்குத் தாளைக் குறை சொல்லத் தொடங்கினார். இம்முறை வந்த தாள் மட்டமானது, மஞ்சளில் சாயமே இல்லை, வெளுத்த சுண்ணாம்பு போல இருக்கிறது என்றார். என் தொலைநோக்கியில் மஞ்சள் நன்றாகத்தான் தெரிந்தது. சொன்னேன். விலை கூடிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும் என்று அத்தை சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்களும் தாள் மட்டம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். மட்டமான தாளைத் திட்டுவது திடலில் எல்லோருக்கும் பிடித்த பொழுதுபோக்கு.

அந்தச் சனிக்கிழமைதான் அவர் பீப்பைக் கழற்றினார். வளையம் இல்லாமல் எய்வது அறியாத முறையன்று. மூக்கின் நுனியும் உதட்டோரமும் ஒவ்வொரு முறையும் நாணில் அதே இடத்தைத் தொட வேண்டும். கண்ணெதிரே மங்கலாக ஓடும் நாணின் நிழலை வில்லின் விளிம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முகமே அளவுகோலாகிவிட வேண்டும். முதலில் அம்புகள் எல்லாம் ஒன்பது மணிப் பக்கமே போயின. நானா குறிமுனையை இடப்புறம் நகர்த்தினார், போதவில்லை, திருகின் கடைசி மரை வரை நகர்த்தினார். அத்தை தலையை வழக்கத்தைவிட அதிகமாகத் திருப்பி நின்றார். அதன்பின் அம்புகள் மஞ்சளுக்குள் வந்தன. வாரத்துக்கு வாரம் நெருங்கி வந்தன.

நாற்பதைக் கடந்தவருக்கு மாநில அணியில் இடம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும்தான். தேர்வு நாளில் எல்லோரும் பீப்போடு நின்றார்கள். வெறும் நாணோடு நின்ற அத்தையின் அம்புகளுக்கு நான் மணி சொல்ல வேண்டியே வரவில்லை. நடுவில் தைத்தவற்றுக்கு மணி கிடையாது. பட்டியலில் அவர் பெயர் வந்தது. நானா திடலுக்கே நாசி கண்டார் சோறு வாங்கித் தந்தார். அந்த மாதம் நடந்த பேச்சுப் போட்டியில், துணைக்கருவியை உதறிவிட்டுத் தன் முகத்தையே அளவாக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பேசி முதற்பரிசு பெற்றேன். அந்தப் பேச்சின் நடையில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. அது சொன்ன செய்தியில் ஒரு வரிகூட உண்மையில்லை.

அதற்குப் பிறகு தலைவலி வந்தது. வலப்பக்கமிருந்த கதவு நிலைகளில் தோள் இடித்தது. அம்மா வற்புறுத்தியதால் அத்தை கண் மருத்துவரிடம் போனார். நான் உடன் போனேன். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, குறைவாகப் பேசுபவர். சிவப்பு மூடியிட்ட மருந்துப் புட்டியைக் காட்டி நிறம் கேட்டார். சிவப்பு என்றார் அத்தை. மருத்துவர் தம் உள்ளங்கையால் அத்தையின் இடக்கண்ணை மூடிவிட்டு, மலாயில் அதையே மறுபடி கேட்டார்.

அத்தை தமிழில், என்னைப் பார்த்து, அதாவது நான் இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னார்:

"எந்த மூடி?"

வலக்கண்ணின் நரம்பை ஒரு கட்டி சுற்றி வளைத்து நெடுநாளாக நெரித்துக்கொண்டிருந்தது. நிறம்தான் முதலில் போகும் என்றார் மருத்துவர், பிறகு வெளிச்சம், சிறு துளையின் வழியே பார்ப்பவர்களுக்கு அது மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிந்துவிடும். பீப் வலக்கண்ணை மட்டுமே கேள்வி கேட்கும் கருவி. அது இருந்தவரை இடக்கண் குறுக்கிட முடியவில்லை. அதைக் கழற்றிய அன்றே நல்ல கண் நோயுற்ற கண்ணின் வேலையை யாருக்கும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அம்புகள் இடப்புறம் போனதும், குறிமுனை கடைசி மரை வரை நகர்ந்ததும், தலை திரும்பியதும் அதனால்தான். நாங்கள் அந்த ஒவ்வொன்றையும் கவனமாகச் சரிசெய்து கொடுத்தோம். எவ்வளவு சிறப்பாகச் சரிசெய்தோமோ, அவ்வளவு ஆழத்தில் அந்த நோய் மறைந்துகொண்டது.

திரும்பி வரும்போது காரில் அத்தை ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"அப்போ இத்தன நாளா குறி பார்த்தது நான் இல்லையா?"

அறுவை சிகிச்சையில் வலக்கண் போயிற்று. மாநில அணியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அத்தையே வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். கட்டியின் வேர் முழுவதையும் எடுக்க முடியவில்லை என்பதைச் சில மாதங்களில் அறிந்தோம். அடுத்த தவக்காலம் முடிவதற்குள் அவரை அடக்கம் செய்தோம்.

தேவாலயத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். உறவினர்கள் எதிர்பார்த்தது பரிசு பெற்ற அந்தக் கதையைத்தான். வெறும் நாணோடு நின்று வென்ற பெண்ணின் கதையை. நான் அதைச் சொல்லவில்லை. மஞ்சள் வெளுத்ததையும், துளை இருண்டதையும், நாங்கள் வில்லைத் திருத்திக்கொண்டே போனதையும் வரிசையாகச் சொன்னேன். கைதட்டலுக்குப் பழகிய எனக்கு, அன்று இறங்கி வந்த படிகளின் அமைதி பழக்கமில்லாததாக இருந்தது. கடைசி வரிசையில் நின்றிருந்த நானா, நான் அருகில் போவதற்குள் வெளியேறிவிட்டார்.

போன மாதம் ஒரு வேலையாக அவருடைய கடைப்பக்கம் போனேன். கல்லூரி மாணவி ஒருத்தி தன் வில்லை மேசைமேல் வைத்து, பீப் இருட்டாக இருக்கிறது, பெரிய துளையாகப் போட்டுத் தாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானா வில்லைத் தொடவில்லை. அவளை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னார். சுவரில் ஓர் இலக்குத் தாள் ஒட்டியிருந்தது.

"நடுவுல என்ன கலரும்மா?"

"மஞ்சள்தான் அண்ணே. வேற என்ன?" என்றாள் அவள், பொறுமையிழந்து.

நானா அவளை இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அவள் மஞ்சள் என்றே சொன்னாள். அதன் பிறகுதான் அவர் வில்லைக் கையில் எடுத்தார்.