கிணற்றுக்குள் கேட்ட பதில்

ஆவுடையப்பன் அண்ணனுக்குத் தொழில் கிணற்றில் மோட்டார் இறக்குவது, பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வை மாற்றுவது. திருமயத்தில் பட்டறை. அவர் உள்ளே இறங்குவார், நான் மேலே கயிறு பிடிப்பேன். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். சோறு மோட்டாரில் வந்தது, பேர் பிணத்தில் வந்தது.

யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால், தீயணைப்பு வண்டி வேறெங்காவது போயிருந்தால், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எங்களுக்குத்தான் போன் வரும். அப்படிப் பதினேழு பேரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. இறங்குமுன் வீட்டாரிடம் பெயரைக் கேட்டுக்கொள்வார். உள்ளே போய், பெயரைச் சொல்லி, "தொடப்போறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் கை வைப்பார்.

"பொணத்துக்கிட்ட என்னண்ணே பர்மிஷன்?" என்று நான் கேலி பேசியிருக்கிறேன்.

"ஒன்னய எவனாச்சும் கேக்காம இடுப்பப் பிடிச்சுத் தூக்குனா சும்மா இருப்பியாடா?"

போன ஆவணியில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. ராக்காயி என்று ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். காலையில் ஆடு மேய்க்கப் போனவரைக் காணோம். ஒற்றைச் செருப்பு தண்ணீரில் மிதந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், சத்தமில்லை. நாங்கள் போனபோது மதியம் தாண்டிவிட்டது. மகன் நிலவழகன் மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தான்.

இந்த மாதிரி வேலையில் முதல் காரியமாக டீசல் இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரை இறைப்போம். அன்று அது கிளம்பவில்லை. சுற்றிச் சுற்றி என் தோள் கழன்றதுதான் மிச்சம்.

"விடு அருள்மணி, அப்புடியே எறங்குறேன்" என்றார்.

அந்தக் கிணறு அடியில் பக்கவாட்டாகக் குடைந்து போயிருந்தது. அந்த இருட்டுக்குள் அவர் தலை மறைந்தது. குரல் மட்டும் மேலே வந்தது.

"ராக்காயி ஆத்தா, தொடப்போறேன்."

கயிறு மூன்று தடவை வெடுக்கென்று இழுபட்டது. மூன்று என்றால் தூக்கு என்று அர்த்தம். தூக்கினேன். தனியாகத்தான் வந்தார். பல் கிட்டித்துப் போயிருந்தது.

"என்னண்ணே, எடுக்கலையா?"

"அது பேசுதுடா."

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியாக்கும்?"

"மெதுவாத் தொடு, கை ஒடிஞ்சிருக்குங்குது."

நான் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் கிணற்றுக்குள்ளிருந்து மெலிசாகக் கேட்டது.

"யப்பா, போயிட்டியா?"

உயிரோடு இருக்கிறவரை, செத்தவர் பேசுகிறார் என்று பயந்து விட்டுவிட்டு ஏறி வர, அத்தனை வருஷம் பிணங்களோடு பேசிப் பழகியிருக்க வேண்டும். வேறு எவனுக்கும் அந்தத் தப்பு வராது. அண்ணன் கயிறுகூடக் கட்டாமல் திரும்பக் குதித்தார். அந்த அம்மா குடைவுக்குள், கழுத்தளவு தண்ணீரில், ஒற்றைக் கையால் மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையோடு, "பொணம்னு நெனச்சுத்தான அம்புட்டு மருவாதியாக் கூப்புட்ட?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் சொன்னார். "பதினேழு பேருகிட்டயும் சொல்லிட்டுத்தான் தொட்டேன். ஒருத்தரு பதிலுக்கும் நான் நிக்கலடா."

அதோடு கிணற்றில் இறங்குவது நின்றுபோனது. ஃபுட்வால்வு மாற்றக்கூட முடியவில்லை. விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவார், வேர்த்துக் கொட்டும், எழுந்து வந்துவிடுவார். வேலை ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போனது.

அண்ணன் பொண்டாட்டி சொர்ணம் மதினி ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். "குளிக்கப் போனா வாளித் தண்ணிக்கு முன்னால நின்னுக்கிட்டு ஒவ்வொரு பேராச் சொல்லுறாருப்பா. பதினேழும் சொல்லி முடிச்சுத்தான் ஒரு சொம்பு மோக்குறாரு. எனக்குப் பயமா இருக்கு. எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போயேன்."

புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மனநலப் பிரிவில் ஜெனிபர் என்று ஒரு ஆலோசகர், சின்ன வயசுதான். அண்ணனிடம் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. "கதவத் தொறந்து வைக்கவா, சாத்தவா? எங்க ஒக்காந்தா ஒங்களுக்குத் தோதா இருக்கும்?" என்றுதான் ஆரம்பித்தார். முடிந்து எழுந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"கயிறு பிடிக்கிற நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன? மேலதான நின்னேன்" என்றேன். அதற்கப்புறம் போன தடவையெல்லாம் உள்ளே போகாமல் வராண்டாவிலேயே நின்றுகொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கேட்டார். "நீ மேல நின்னீல்ல. எப்பயாச்சும் உள்ளருந்து ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேக்கலண்ணே."

பொய் இல்லை. ஆனால் அந்தப் பதினேழு தடவையும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எவன் கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நமணசமுத்திரம் தாண்டுகிற வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன். பிறகு முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "தெரியும்டா. தண்ணி எறைக்கவா அதப் போடச் சொன்னேன்? ரெண்டு மணி நேரம் ஓடுனாலும் அரைச்சாண் கொறையாது. மேல அழுகுறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு போடச் சொன்னேன். அது கேட்டா எனக்குக் கை ஓடாது."



நாலு மாதம் செவ்வாய்தோறும் போய் வந்தோம். மார்கழியில் ஒரு ஃபுட்வால்வுக்கு இறங்கினார். தை பிறந்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பக்கத்து ஊர், சந்தோஷ்குமார் என்று ஒருவர், முதல் நாளே விழுந்தவர். முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்று ஜெனிபர் மேடம் சொல்லியிருந்தார். அண்ணன் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

"போவோம். முடிஞ்சதும் நேரா மேடத்துக்கிட்ட. இந்தத் தடவ நீயும் உள்ள வர்ற, வராண்டாவுல நிக்கக் கூடாது."

இன்ஜினை வண்டியிலிருந்து நாங்கள் இறக்கவே இல்லை. அந்த ஆளின் மனைவி வாய்விட்டு அழுதார். போலீஸ்காரர் அவரைத் தள்ளிக் கூட்டிப் போகப் பார்த்தபோது, "இருக்கட்டும் சார், அழுகட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினார்.

பெயரைச் சொன்னார். தொடப்போறேன் என்றார். அப்புறம் சத்தமே இல்லை. கயிறு என் கையில் அசையாமல் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். மார்பளவு தண்ணீரில், இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றிருந்தார்.

பதில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் நின்றார்.