அரிசி மாவும் ஒரு கார்டு பெட்டியும்: டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சனிக்கிழமை

போன டிசம்பரில், அரையாண்டு விடுமுறையின் முதல் சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒட்டடை அடிக்க வேண்டிய நாளில் நான் ஒரு ரயில் பெட்டியைத் தேடிக் கிளம்பினேன். காரணம், எங்கள் பள்ளித் தமிழாசிரியை. மதியச் சாப்பாட்டின்போது போகிற போக்கில் சொன்னார்: "எங்க ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துல ஒரு பழைய ரயில் பெட்டி கெடக்கு டீச்சர். கோழி அடைக்கிறாக. சனிக்கிழமை மத்தியானம் எடைக்குப் போடப் போறாகளாம்." அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய வாசகர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா அயர்லாந்தில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் மே விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். அவளைப் பார்த்ததைவிட அந்த ஊர்ப் பழைய ரயில் பெட்டிகளைப் படமெடுத்ததுதான் அதிகம். அக்காவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அங்கே ஓட்டத்திலிருந்து எடுத்த பெட்டிகளை அந்தக் காலத்தில் விவசாயிகள் வாங்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கோழிக்கூடாகவும் வைக்கோல் அறையாகவும் வைத்துக்கொண்டார்கள். இப்போது ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, பழைய வண்ணமே பூசி நிறுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் பெட்டியின் எண்தான் முக்கியம். எண் கிடைத்துவிட்டால் ஜாதகம் கிடைத்த மாதிரி. தேய்ந்துபோன எண்ணை வாசிக்க, அங்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எனக்கு ஒரு வழி சொன்னார். தகட்டில் மாவைத் தேய்த்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து தெரியும்.

நம் பக்கத்தில் மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதையை எடுத்தபோது பெட்டிகளும் போய்விட்டன என்றுதான் நினைத்திருந்தேன். அயர்லாந்து வரைக்கும் போய்க் கோழிக்கூட்டைப் படமெடுத்தவளுக்கு, சொந்த மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது என்றால் தூக்கம் வருமா?

விளாங்குடியில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது காலை 5.45. ஸ்கூட்டரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் ஜெபராஜ். "துருப்பிடிச்ச இரும்பப் பாக்க இம்புட்டு காலையில கெளம்புற பொம்பள மதுரையிலயே நீ ஒருத்திதான்" என்று பைபாஸ் முழுக்கப் புலம்பினார். திருப்பரங்குன்றத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பொங்கலும் வடையும் உள்ளே போன பிறகுதான் அடங்கினார். இரண்டு பேருக்கும் 130 ரூபாய். அங்கிருந்து திருமங்கலம், பிறகு ராஜபாளையம் சாலை. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி மண் பாதையில் இறங்கியபோது மணி 7.40. வீட்டிலிருந்து மொத்தம் 53 கிலோமீட்டர். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கரிசல் மண் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டது. கடைசி அரை கிலோமீட்டரை வெறுங்காலோடுதான் நடந்தேன்.

மக்காச்சோளத்துக்கு நடுவே அதைப் பார்த்ததும் "ஏசுவே!" என்று கத்திவிட்டேன். சாதாரணப் பெட்டி இல்லை, கார்டு பெட்டி! சரக்கு ரயிலின் வாலில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக கார்டு உட்கார்ந்து வருவாரே, அந்தப் பெட்டி. அவர் எட்டிப் பார்க்கிற பக்கவாட்டு ஜன்னல்கூட அப்படியே இருந்தது. தேக்குப் பலகை ஒன்றிரண்டுதான் உளுத்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு.

தோட்டக்காரர் கருப்பையா அண்ணன் நல்ல மனிதர். "எம்புட்டு வேணாலும் எடுத்துக்கங்க டீச்சர். மத்தியானம் லாரி வருது, கேஸ் கட்டர் வச்சு அறுத்துருவாக" என்றார். அவர் மனைவி பேச்சியம்மா டீ போட்டுக் கொடுத்தார். ஒன்பது மணி வரை சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். பாக்கி இருந்தது எண் மட்டும்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, பித்தளையேதான். பிறகு அரிசி மாவுப் பொட்டலத்தைப் பிரித்துத் தகட்டில் தேய்த்தேன். வெயில் படாமல் இருக்க ஜெபராஜ் துண்டைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தார். ஏழு தெரிந்தது. அடுத்து பூஜ்யம். இன்னும் கொஞ்சம் மாவு தேய்த்தேன்.

பின்னால் பேச்சியம்மாவின் குரல் மாறியிருந்தது. "அரிசி மாவா போடுறீக?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்! பழைய பித்தளை, அரிசி, டார்ச், துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இரண்டு பேர். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 'இது இரிடியம், அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும்' என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றும் கும்பலின் வேலையைத்தான் நான் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தேன்.

வாயைத் திறந்து விளக்கியதில் இன்னும் கெட்டது. "அண்ணே, இதுக்கு எடை விலையே கிடையாது, இதோட மதிப்பே வேற" என்றேன். அவர் கண் விரிந்தது. "வெளிநாட்டுல இதத் தேடித்தேடி எடுக்குறாங்க" என்றேன். அவ்வளவுதான். கருப்பையா அண்ணன் கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டார். லாரிக்காரருக்குப் போன் போட்டு, "வர வேணாம், விக்கல" என்றார். எங்களைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க. நல்லவிதமாச் சொல்றேன்" என்றார்.

ஸ்கூட்டரை நோக்கி நடக்கும்போது ஜெபராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெட்டி பொழச்சுருச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு வா." எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு இவர் இரிடியம் என்று நம்பினால், நாளைக்கு நிஜமான கும்பல் 'சோதனைக் கட்டணம்' என்று வந்து நிற்கும். ஆட்டையும் மாட்டையும் விற்றுக் கொடுப்பார். உண்மையைச் சொன்னாலோ பெட்டி இன்றைக்கே துண்டு துண்டாகும். பாதி தூரம் நடந்துவிட்டு, "சே!" என்று திரும்பினேன்.

"பேச்சியம்மா, ஒரு கைப்பிடி அரிசி கொண்டாங்க" என்றேன். "நானே சோதிச்சுக் காட்டுறேன். அப்புறம் என்னைத் திட்டுங்க." சந்தேகத்தோடே கொண்டு வந்தார். தகட்டுக்குக் கீழே படியில் அரிசியைப் பரப்பினேன். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு மணிகூட அசையவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சேவல் வந்தது, பின்னாலேயே நான்கு கோழிகள். ஒரு நிமிடத்தில் படி சுத்தம்.

முதலில் சிரித்தது பேச்சியம்மாதான். "அம்புட்டு இரிடியமும் கோழி வயித்துல போச்சு!" கருப்பையா அண்ணன் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கோடீஸ்வரனாக இருந்த மனிதர், பாவம். "அப்ப வித்துர வேண்டியதுதான்" என்று மறுபடி போனை எடுத்தார். நான் மிச்ச எண்ணை வாசித்தேன். 7043. இனி இந்த எண் மட்டும்தான் மிஞ்சும் என்று குறித்துக்கொண்டேன்.

ஆனால் போனில் சந்தேகம் தட்டிய லாரிக்காரர், மத்தியானம் வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்பி வந்துவிட்டிருந்தார். இறங்கியவர் பார்த்தது தகடு முழுக்க அரிசி மாவு, கையில் காமிராவோடு ஒரு டீச்சர், திடீரென்று "விக்கல" என்று சொன்ன ஆள். மூச்சு விடாமல் விலையை இரண்டு மடங்காக்கினார்.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் பித்தளைதான்" என்றார் கருப்பையா அண்ணன்.

"சரிண்ணே, மூணு மடங்கு."

பேச்சியம்மா முன்னால் வந்தார். "விக்கல, போப்பா. நாளைக்கு அறுத்துப் பாத்து ஒண்ணுமில்லைன்னா எங்க வாசல்லதான வந்து நிப்ப? ஏமாத்திட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லுவ. அந்தக் கும்பல்னு பேரு வாங்கவா எங்க மாமனாரு இத வாங்கிப் போட்டாரு?" லாரி வந்த வழியே காலியாகத் திரும்பியது. எனக்கு அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்தும் விட்டேன்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் பேருந்து பிடிக்கலாம், டி. கல்லுப்பட்டியில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். எண் வாசிக்கச் சாக்பீஸ் தூள் போதும், மாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தோட்டம் எங்கே என்று இங்கே எழுதவில்லை. வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

நேற்று கருப்பையா அண்ணன் போன் செய்தார். "டீச்சர், அந்த நம்பரக் கதவுல வெள்ளை பெயிண்ட்ல பெருசா எழுதிட்டேன். ரோட்டுல இருந்தே தெரியும். இனிமே எவனும் மாவு போட்டுப் பாக்க வேணாம்ல?"