சரீபுக்காகக் காத்திருந்த அல்பம்

உன்னிச்சைச் சீனித்தம்பியும் காத்தான்குடிச் சரீபும் இளவயதில் கத்தாரில் ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருவருக்கு வயரிங் வேலை, மற்றவருக்குக் குழாய் வேலை. ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. ஆனாலும் ஒரு பிரித்தானிய ரொக் குழுவின் பாட்டென்றால் உயிர். அந்தக் குழு சண்டை பிடித்துப் பிரிந்த செய்தி வந்த அன்று சரீப் சோறு தின்னவில்லை.

"திரும்பச் சேருவானுகள்டா. புது அல்பம் வந்தா நீயும் நானும் சேந்துதான் கேக்கணும்," என்றார். சீனித்தம்பி ஓம் என்றார்.

நாற்பது வருடம் சென்று, கிழவர்களான பிறகு அந்தக் குழு சேர்ந்து அல்பம் வெளியிட்டது. சீனித்தம்பியின் மகள் நிருஷா அதைத் தொலைபேசியில் இறக்கிக் கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை. சரீபோ பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, மகள் வீட்டில் படுக்கையில். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அதிக நாள் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

வந்து பாட்டுப் போடலாமா என்று சீனித்தம்பி சரீபின் மருமகன் நஸீரிடம் போனில் கேட்டார். "வாங்க, பிரச்சினையில்ல," என்றார் நஸீர். சீனித்தம்பி வயல் வட்டையில் கிடந்த வேலையை அப்படியே விட்டு, ஸ்பீக்கரோடு பஸ் ஏறினார்.

வாசலில் சரீபின் மகள் ஷஸ்னா நின்றாள்.

"என்ன மாமா, பெட்டியும் கையுமா?"

"பாட்டுப் போட நஸீரிட்டக் கேட்டன் மகள்."

"வீடு ஆருட மாமா? அவருடயா?"

சீனித்தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவரும் மனைவி அன்னப்பூரணியின் சீதன வீட்டில்தான் இத்தனை காலம் இருக்கிறார். அவளைக் கேளாமல் சுவரில் ஆணி அடித்ததில்லை. அவசரத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

"இந்த வீட்டில பாட்டுப் போடுறல்ல," என்ற ஷஸ்னா, உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "காதுக்குள்ள கொழுவிக் கேளுங்க. வெளிய சத்தம் வரக் கூடா. இப்பதான் கஞ்சி குடுத்தன், சாஞ்சபடியே இரிக்கட்டும். படுக்க வெச்சிராதீங்க, புரைக்கேறும்."

அவளே இயர்போனும் கொண்டுவந்தாள். ஒரு முனை சரீபின் காதில், மறுமுனை சீனித்தம்பியின் காதில். பாடகனின் குரல் உடைந்து, தாழ்ந்து வந்தது. சரீபின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"கி...ழவன்."

"நீ மட்டும் குமரனாடா?"

நல்ல கை போர்வையில் தாளம் தட்டியது. பிந்தித்தான் தட்டியது. நாலாவது பாட்டில் கண் மூடிவிட்டது. சீனித்தம்பி நிறுத்தினார்.

"மிச்சத்தையும் போடுங்களன் மாமா."

"நித்திரையில கேட்டா அது கேட்டதில்ல மகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாறன்."

சரீப் போய்விட்டார் என்று வியாழன் காலையில் நஸீரின் அழைப்பு வந்தது. சீனித்தம்பி ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டிக்குச் சற்றுத் தூரம் தோள் கொடுத்தார். அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலோடு நின்றுகொண்டார்.

சில நாட்கள் கழித்து, மீன் துப்பரவாக்கியபடி அன்னப்பூரணி கேட்டாள்:

"அந்த மிச்சப் பாட்டுகளக் கேட்டயளா?"

"இல்ல."

"இனி அந்தாள் வந்து கேக்கப் போறாரோ? நீங்க கேளுங்க."

அவர் கேட்டார். முடிந்ததும் இயர்போனைக் கழற்றினார்.

"கடைசிப் பாட்டுகள் ஒண்டும் சரியில்லகா. இழுத்தடிக்கிறானுகள்."

சரீப் இருந்திருந்தால், உனக்குக் காது செவிடா என்று பாய்ந்திருப்பார். பொழுதுபடும்வரை விட்டிருக்க மாட்டார்.

"அப்படியா," என்றாள் அன்னப்பூரணி. அவள் மறுத்துப் பேசவில்லை.