லேனா ஆற்றின் மறுகரையில் மாப்பிள்ளை

விமானச் சீட்டு விற்கிறவனுக்கு ஆகாயம் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், கனடாவில், ஸ்காபரோவின் மில்லிக்கன் பிளாசாவில் என் கடையில் என்னோடு ஒரு கலியாண சீசன் இருந்து பார்க்க வேண்டும். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பக்கத்தில்தான்

செல்வமணி அன்ரியின் மகன் பிரதீபன் சைபீரியாவில் உறைந்த நிலத்தை ஆராய்கிறான். வைகாசியில் ஸ்காபரோவில் அவனுக்குக் கலியாணம். யாக்கூட்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறான் என்றார் அன்ரி. அந்த நகரத்திலிருந்தே சீட்டுப் போட்டேன். பக்கத்தில்தான், ஆனால் இடையில் லேனா ஆறு. கிலோமீற்றர் கணக்கில் அகலம், பாலமும் கிடையாது. அன்ரி யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கிற அனலைதீவுக்காரி. வரைபடத்தைக் காட்டியும் அசரவில்லை.

"பாலமில்லாத ஊரிலயிருந்துதான் நானும் கலியாணம் கட்டி வந்தனான், தம்பி. ஏதும் வள்ளம் ஓடும்."

ஒன்றும் ஓடாத மாதம்

மாரியில் உறைந்த ஆற்றின் மேல் கார் ஓடும், கோடையில் ஃபெரி ஓடும். வைகாசியில்தான் வில்லங்கம். தெற்கே முதலில் உருகிவரும் தண்ணீர், வடக்கே இன்னும் உறைந்துகிடக்கும் ஆற்றில் முட்டி, தாழ்ந்த கரையோர ஊர்களுக்குள் ஏறிவிடும். இதெல்லாம் ஐயரின் பஞ்சாங்கத்தில் இல்லை. தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் மாப்பிள்ளை இல்லாவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும். கலியாண ஹோல் பிறகு அடுத்த வருடம்தான் கிடைக்கும். உடனே ஃபோனை எடுத்துப் பிரதீபனைக் கூப்பிட்டேன். ஆற்றைக் கடக்கிற ஹெலிகொப்டரில் நோயாளிகளுக்கே இடம் போதவில்லையாம்.

"கார் ஓட ஐஸ் காணாது, ஃபெரி ஓட ஐஸ் கூடிப்போச்சு. நானும் ஆறும் ஆளையாள் பாத்துக்கொண்டிருக்கிறம், அண்ணை."

நின்றுபோன ரயில்

வரைபடத்தை மறுபடி விரித்தபோதுதான் கண்ணில் பட்டது. தெற்கிலிருந்து வரும் ரயில், பாலமில்லாததால் ஆற்றைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. நின்ற கரை பிரதீபனின் கரை. ஆற்றைக் கடக்கவே வேண்டாம் என்று அவனிடம் கத்தாத குறையாகச் சொன்னேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டி ரயிலேறியவன், தெற்கே வேறொரு நகரத்தில் விமானம் பிடித்து, பொன்னுருக்குக்கு முதல் நாள் வந்திறங்கினான். அப்பாடா என்று கதிரையில் சாய்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைச் சந்தோசமாகக் குடித்தேன். கலியாணம் முடிந்த கிழமை அன்ரி பலகாரப் பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை பொம்பிளை ரெண்டு பேரும் அந்த ஆத்தைப் பாக்கப் போகினமாம், தம்பி. போற நாளை நீங்களே வையுங்கோ, ஐயருக்கு நான் சொல்லிறன்."

அன்றிலிருந்து யார் சீட்டுக் கேட்டு வந்தாலும், பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு முன்னர் எந்தக் கரை என்றுதான் கேட்கிறேன்.