சுல்மாவின் இருபது மணி நேரம்

சுல்மா பெந்தங்கோரிடம் "இது உனக்கு ஒத்து வராது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவன் தொலைந்தான். உருகுவே நதியோரம் பைசாந்து ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் உதறிப் போட்டு மறுபடி தேய்ப்பாள். போனால் போகிறது என்ற பேச்சே அவளிடம் கிடையாது. செடி வளர்ப்பதிலும் அதே கதைதான்.

செடி என்றால் கஞ்சாச் செடி. பதிவு செய்துகொண்டால் வீட்டுக்கு ஆறு வரை வளர்க்கலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, வளர்க்கிறவர்கள் ஞாயிறு மத்தியானம் உருட்டுப்பந்து கிளப்பின் பின்கட்டில் கூடுவார்கள். மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறும், ஊர் வம்பு நடக்கும். மே மாதம் போட்டி. காயவைத்த பூவை ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து வைக்க வேண்டும், எடை கூடினது ஜெயிக்கும். ஜெயித்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார்கள். அடுத்த போட்டி வரை அதை அழிக்கமாட்டார்கள்.

போன வருஷம் அந்தப் பலகையில் "நெரி ஒலிவேரா" என்று இருந்தது. நெரி, சுல்மாவின் புருஷன். பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனுஷன்தான், ஆனால் அந்தச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியவனில்லை. பதிவு அவன் பெயரில் இருந்தது, பெருமையும் அவனுக்கே போயிற்று. சுல்மா அப்போது அடுப்படியில் எல்லோருக்கும் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

"இந்த வருஷம் ஜெயிச்சா என் பேரைத்தான் எழுதணும்" என்று பிப்ரவரியிலேயே கேட்டுவிட்டாள்.

கேட்டது குவால்பெர்த்தோவிடம். பலகைக்கும் சாக்பீஸுக்கும் அவர்தான் அதிகாரி. சட்டம் வருவதற்கு முன்பே வருஷக்கணக்கில் ஒளித்து ஒளித்து வளர்த்தவர். அந்த மிதப்பு நடையிலேயே தெரியும்.

"பதிவு யார் பேர்லயோ அவங்க பேர்தாம்மா. நெரி சொல்லிக் கொடுத்திருப்பான், நீ கூடமாட ஒத்தாசை பண்ணியிருப்பே."

"நெரிக்கு வேர் எது, தண்டு எதுன்னே தெரியாது பெரியவரே."

"அது நிஜந்தான்" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெரி, கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்.

கிளப்பில் யாரும் விதைப் பாக்கெட்டைத் தனியாக வாங்குவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு மேஜைமேல் ஒரு புதுப் பாக்கெட் கிடந்தது. தானே பூக்கும் ரகம், ஆறு விதை. சுல்மா மூன்றை எடுத்துக்கொண்டு மீதி மூன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க மூணைவிட என் மூணு அதிகம் விளைஞ்சா என் பேரு. இல்லேன்னா இனிமே போட்டியைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்."

எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. குவால்பெர்த்தோ சிரித்துக்கொண்டே தன் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வெளிச்சம் எவ்வளவு நேரம் கொடுக்கப்போறே?" என்று கேட்டார்.

"இருபது மணி நேரம். நாலு மணி இருட்டு."

பின்கட்டே சிரித்தது. "ஏம்மா, கஞ்சாவுக்குப் பாதி நாள் இருட்டு வேணும். பன்னெண்டு மணி இருட்டு இல்லாம எந்தச் செடி பூத்திருக்கு? வேலி கட்டலாம் உன் செடியை வெச்சு" என்றார் குவால்பெர்த்தோ.

அவர் சொன்னது பழைய ரகத்துக்குச் சத்தியம். இரவு நீண்டால்தான் அது பூக்கும். இந்த ரகம் அப்படியில்லை. வயசு வந்தால் பூத்துவிடும், இரவு நீண்டால் என்ன, குறைந்தால் என்ன. சுல்மா இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு, அந்த ஊர்க் கோடையில் பகல் நீண்டு கிடந்த நாட்களில், முற்றத்துத் தொட்டியில் இதே ரகம் ஒன்று பூத்துக் குலுங்கியது. பூக்கும் காலம் எப்படியும் வரப்போகிறதென்றால், இருட்டில் போட்டு வைப்பது அதன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவதுதானே?

அப்படியானால் இருபத்து நாலு மணி நேரமும் விளக்கை எரியவிட்டால் என்ன என்று நெரி கேட்டான். செடிகள் இருந்தது படுக்கையறை மர பீரோவுக்குள். நெரியின் சட்டைகள் எல்லாம் நாற்காலிக்குக் குடிபெயர்ந்திருந்தன. அந்த பீரோ ஓயாமல் எரிந்தால் அடுப்பாகிவிடும், செடியும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்றாள் சுல்மா. நாலு மணி நேர இருட்டை எங்கே வைப்பது என்பதற்கு அவள் யோசிக்கவே இல்லை. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை கரண்ட் விலை ஏறும். தெருவில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள், பத்துக்கு முன்னால் ஒருவரும் குளிக்கமாட்டார்கள். ஹீட்டர் தூங்கும்போது செடியும் தூங்கட்டும் என்று விளக்கின் டைமரைத் திருகிவிட்டாள்.

விதை போட்ட இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குவால்பெர்த்தோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பதினெட்டு மணி கொடுத்தேன். அன்னைக்குப் பன்னெண்டா குறைச்சேன். நேத்து பாக்குறேன், மூணுலயும் பூவோட வெள்ளை முடி எட்டிப் பாக்குது. உன்னோடது எப்படிம்மா? வேலி ரெடியா?"

சுல்மாவின் செடிகளில் ஒன்றுமே இல்லை. பச்சைப் பசேலென்று இலைதான். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, ஒவ்வொரு கணுவாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். வாய் கொழுப்பெடுத்துப் பந்தயம் கட்டினோமே என்று முதல் தடவையாகத் தோன்றியது. கை டைமர்மேல் போனது.

"பன்னெண்டா வெச்சிரு சுல்மா" என்றான் நெரி. "எதுக்கு வம்பு? அவரு இதுல ஊறினவரு."

"ஊறினவருதான்." திருகப்போன கை நின்றது. "நெரி, இருட்டு போட்டா பூ வர எத்தனை நாள் ஆகும்னு அவரு சொல்லுவாரு?"

"பத்து நாள். அதைத்தானே மந்திரம் மாதிரி ஓதுறாரு."

"வியாழக்கிழமை இருட்டு போட்டாரு. சனிக்கிழமை பூ. ரெண்டே நாளு." டைமரிலிருந்து கையை எடுத்தாள். "இருட்டு பூக்க வைக்கல. அதுக்கு வயசு வந்திடுச்சு, அவ்வளவுதான். இனிமே அவரு செடி நெதம் எட்டு மணி நேரம் பட்டினி கிடக்கப்போகுது."

நெரிக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்தேக்குத் தண்ணீர் சுட வைக்கப் போனான்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து பீரோவைத் திறந்தாள். மூன்று செடியிலும் கணுவுக்குக் கணு இரண்டிரண்டு வெள்ளை முடி. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகு அந்தச் செடிகள் வளர்ந்த வளர்த்திக்கு, காம்புகளைத் தூக்கிக் கட்ட நெரியின் ஷூ நாடாக்கள் போதவில்லை.

மே மாதம், கிளப் அடுப்படியில் மாவு நிறுக்கிற தராசை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். குவால்பெர்த்தோவின் மூன்று செடியும் சேர்ந்து ஒரு ஜாடியில் பாதி. வாசனையில் குறை சொல்ல முடியாது, ஆனால் பூவெல்லாம் சுண்டுவிரல் கனம்தான். சுல்மா இரண்டு ஜாடி நிறைய வைத்துவிட்டு, பையிலிருந்து மூன்றாவதை எடுத்தாள். குவால்பெர்த்தோ ஒரு தடவை நிறுத்தார். தராசைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை நிறுத்தார். முள் மாறுவதாக இல்லை.

மனுஷன் வார்த்தை மாறுகிறவரில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "நெரி ஒலிவேரா" என்றிருந்ததைத் துணியால் துடைத்தார். நெரிதான் முதலில் கைதட்டினான். சாக்பீஸை எடுத்து "சுல்மா" என்று எழுதியவர், அங்கேயே நின்றுவிட்டார். அவள் கையால் பொரித்த ரொட்டியைப் பதிமூன்று வருஷமாகத் தின்கிறவர்.

"உன் முழுப்பேர் என்னம்மா?"

"பெந்தங்கோர்" என்றாள் சுல்மா. நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

அவர் முதல் எழுத்தைப் போட்டார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவள் பக்கம் குனிந்தார்.

"வெளிச்சம்... எத்தனை மணி நேரம்னு சொன்னே?"

"பேரை எழுதி முடிங்க, சொல்றேன்."