இன்னொரு நாற்காலி

“ஒண்ணு போதாது, இன்னொண்ணு போடுங்க” என்றபடியே நாற்காலி அக்கா உட்காருகிறார். கதவோரம் தனக்கு ஒன்று. தன்னைத் தாண்டி, படுத்திருப்பவரின் தலைமாட்டில் இன்னொன்று. அது காலி. கைப்பை, செய்தித்தாள், மடித்த துணி எதையும் அதில் வைக்க விடமாட்டார்.

சாகக் கிடப்பவர்களுக்குத் துணையிருப்பது அக்காவின் வேலை. ஊசி, மாத்திரை எதையும் தொடமாட்டார். கையைப் பிடித்துக்கொள்வார், பேசினால் கேட்பார், பேசாவிட்டால் இன்னும் கவனமாகக் கேட்பார். கடைசி நாட்களில் பலரைப் பார்க்க, முன்னே போன சொந்தக்காரர்கள் வருவார்களாம். “அவ்வளவு தூரத்திலேருந்து வர்றவங்கள நிக்கவெச்சேவா பேசறது?” என்கிறார்.

தங்கமான மனுஷி. ஆனாலும் தெருவில் அவரிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. பதிலுக்கு அவரும் விசாரித்துவிட்டால்? அவர் கடந்துபோகும்வரை தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் எவ்வளவு கூட்டமிருந்தாலும் அவரைத்தான் முதலில் அனுப்பிவைக்கிறார். கேட்டால், மரியாதையாம்.

இப்போது ஒரு தையல்காரர் வீட்டில் இருக்கிறார். குறுகிய அறை. காலி நாற்காலிக்குப் போக, அக்காவின் முழங்காலை இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். தையல்காரரின் மனைவி ஏதோ கோபத்தில், ஒரே வீட்டில் இருந்துகொண்டே, கண்மூடும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தவர். தனக்காக அவள் வரவே மாட்டாள் என்பதுதான் கிழவரின் பயம். பார்வை போய்விட்டதால் அக்காவைத்தான் கேட்கவேண்டும்.

“வந்துட்டாளா?”

“இன்னும் இல்லண்ணே.”

“பேசக்கூட வேணாம்மா. உர்ருனு மொறச்சிக்கிட்டு உக்காந்தாப் போதும்.”

மகளுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்கு அக்காவை இழுத்துப்போய்க் கெஞ்சினாள். “வந்துட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. உங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது? அப்பா நிம்மதியாப் போவாரு.”

“மாட்டேன் கண்ணு. இப்ப பொய் சொல்லிட்டா, நெசமா வர்றப்ப என்னத்தச் சொல்றது?”

மகள் திரும்பி அடுப்பை அணைத்தாள். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்று மதியம், கதவைச் சாத்திவிட்டு மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கிழவர் வழக்கம்போல் கேட்டார்.

“வந்துட்டாளா?”

“இருங்கண்ணே” என்றார் அக்கா, கதவைப் பார்த்தபடி. பிறகு, பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குப் போகிறவருக்கு வழிவிடுவதுபோல, சேலையைச் சுருட்டிப் பிடித்து இரண்டு முழங்காலையும் ஒருபக்கமாக ஒடுக்கிக்கொண்டார்.