சுற்றாத இன்ஜின்

சவூதியிலிருந்து கூத்தாநல்லூருக்குத் திரும்பிய மறுநாள், நாலு வருடமாகக் கொட்டகையில் கிடந்த டிராக்டரைப் பார்க்கப் போனேன். இன்ஜின் சுற்றுகிறதா என்று பெல்ட் ஓடும் முன்பக்கப் புல்லியில் ஸ்பானரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை.

"இன்ஜின ஜாம் ஆக விட்டுட்டியே! அப்பப்ப ஸ்டார்ட் பண்ணக்கூடவா முடியல?" என்று மனைவியிடம் கத்தினேன். உதவிக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சீட்டில் ஏறி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். "கியர்ல நின்னுச்சுங்க, சக்கரம் புடிச்சுக்கிட்டு இன்ஜின சுத்த விடல. இப்ப சுத்திப் பாருங்க."

மறுபடி அழுத்தினேன். இன்ஜின் எளிதாகச் சுற்றியது. சவூதிக்குக் கிளம்பும்போது கியரில் போட்டு நிறுத்தியவன் நான்தான். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

எனக்குக் கூசிப்போயிற்று. அண்ணன் எதிரே மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் போன பிறகும் வரவில்லை.